குப்பியை ஏன் குலுக்கக் கூடாது: நானோதுகள் தடுப்பூசி ஆய்வுகள் போகும் திசை

ஃபைசர் கோவிட் தடுப்பூசி முதலில் வந்தபோது அதன் ஊதா மூடிக் குப்பியில் 0.45 மில்லிலிட்டர் மருந்துதான் இருந்தது. உறைந்த குப்பியை இளகவைத்து, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, 1.8 மில்லிலிட்டர் சலைன் சேர்த்து, மறுபடியும் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஆளுக்கு 0.3 மில்லிலிட்டர். குலுக்கக் கூடாது என்று தனியாக எச்சரித்திருந்தார்கள். இருமல் மருந்தைக் குலுக்கியே பழகிய கைக்கு இது விநோதமான கட்டளை.

காரணம் எளிது. குலுக்கினால் காற்றுக் குமிழிகள் உண்டாகும். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் கொழுப்புத் துகள்கள் ஒட்டி, விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். சேர்ந்த துகள் பெரிதாகும். உள்ளே பொதிந்திருந்த ஆர்என்ஏ வெளியே தலைகாட்டும். மருந்தின் ரசாயனப் பட்டியலில் ஒரு பொருளும் கூடவில்லை, குறையவில்லை. ஆனாலும் மருந்து கெட்டுவிட்டது.

நானோதுகள் தடுப்பூசி ஆய்வின் மையச் சிக்கல் இதற்குள்ளேயே இருக்கிறது. துகளைச் செய்வது இன்று பெரிய வித்தையில்லை. நல்ல ஆய்வகத்தில் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். செய்த துகள் ஆலையிலும் குளிர்பெட்டியிலும் தசைக்குள்ளும் அதே துகளாக நீடிக்க வேண்டுமே, அங்கேதான் மூளையும் பணமும் கரைகின்றன.

'நானோ' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு வேலைகள் அடங்கியிருப்பதையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, சுமக்கும் துகள். புரதம் செய்வதற்கான குறிப்பான எம்ஆர்என்ஏவை உள்ளே வைத்து செல்லுக்குள் கொண்டுபோய் இறக்கும் கொழுப்பு உருண்டை இந்த வகை. இன்னொன்று, காட்டும் துகள். கிருமியின் புரதத்தைத் தன் மேற்பரப்பில் வரிசையாக அடுக்கி, எதிர்ப்பொருள் செய்யும் பி செல்லின் கண்ணில் படும்படி நிற்கும் புரதக் கூண்டு இது. இரண்டுக்கும் பொதுவானது அளவு. தசையில் போட்ட மருந்து நிணநீர்க் கணுவைச் சேர வேண்டும். சில நானோமீட்டரே உள்ள தனிப்புரதம் ரத்த நுண்குழாய்க்குள் நுழைந்து கலைந்துவிடும். சுமார் 20 முதல் 200 நானோமீட்டர் வரை உள்ளவை நிணநீர்க் குழாய் வழியே தாமாகவே கணுவுக்குப் போகும். அதைவிடப் பெரியவை ஊசி போட்ட இடத்திலேயே கிடந்து, டெண்ட்ரிட்டிக் செல் என்ற காவல் செல் வந்து விழுங்கித் தூக்கிப்போகக் காத்திருக்கும்.

நான்கு கொழுப்புகள்

ஃபைசர் தடுப்பூசியின் ஒரு டோஸில் 30 மைக்ரோகிராம் எம்ஆர்என்ஏ இருந்தது. அதைச் சுமக்க 0.43 மில்லிகிராம் ஏஎல்சி-0315 என்ற முதன்மைக் கொழுப்பு, 0.2 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், 0.09 மில்லிகிராம் டிஎஸ்பிசி என்ற பாஸ்போலிப்பிட், 0.05 மில்லிகிராம் பாலிஎத்திலீன் கிளைக்கால் கோத்த கொழுப்பு. கூட்டிப் பார்த்தால் சரக்கைவிட வண்டி ஏறத்தாழ 25 மடங்கு எடை. இதே வரிசையில் மூலக்கூறு விகிதத்தில் சொன்னால் 46.3 : 42.7 : 9.4 : 1.6. மாடர்னாவில் முதன்மைக் கொழுப்பு எஸ்எம்-102; விகிதம் 50 : 38.5 : 10 : 1.5. இந்த இரண்டாவது விகிதம் புதிதும் அல்ல. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்பாட்ரோ என்ற நரம்புநோய் மருந்தில் இதே எண்கள் இருந்தன. பெருந்தொற்றின்போது ஒரே ஆண்டில் தடுப்பூசி எப்படி வந்தது என்று வியப்பவர்கள் இந்தப் பழைய எண்களைப் பார்க்க வேண்டும்.

முதன்மைக் கொழுப்புதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அமிலத்தில் அது நேர்மின் ஏற்கும். ரத்தத்தின் பிஹெச் 7.4இல் மின்னேற்றம் இல்லாமல் சாதுவாக இருக்கும். இந்த மாற்றம் நடக்கும் புள்ளியான பிகேஏ, ஏஎல்சி-0315க்கு 6.09, எஸ்எம்-102க்கு 6.68. செல் விழுங்கிய துகள் ஒரு சவ்வுப்பைக்குள் அகப்படுகிறது. அந்தப் பை போகப்போக அமிலமாகிறது. அப்போது கொழுப்பு நேர்மின் ஏற்று, பையின் எதிர்மின் சவ்வோடு பிணைந்து, அதைக் குலைத்து ஆர்என்ஏவை வெளியே விடுகிறது. பிகேஏ மிகவும் குறைந்தால் பை உடையாது. கூடினால் ரத்தத்திலேயே நேர்மின்னோடு திரிந்து கண்ட செல்லில் ஒட்டி நச்சாகும்.

இவ்வளவு கணக்கிட்டும் விளைச்சல் சொற்பம். 2013இல் சிறிய ஆர்என்ஏக்களை வைத்து அளந்தபோது, செல்லுக்குள் போனதில் 1 முதல் 2 சதவீதம்தான் பையிலிருந்து தப்பியது. மீதி அங்கேயே செரிக்கப்பட்டுவிடுகிறது. புதிய கொழுப்புகளை நூற்றுக்கணக்கில் செய்து சோதிக்கும் ஆய்வுகள் குறிவைப்பது இந்த எண்ணைத்தான். தப்பிக்கும் பங்கு இரட்டித்தால் டோஸைப் பாதியாக்கலாம். காய்ச்சலும் கைவலியும் குறையும், ஒரே ஆலையில் இரு மடங்கு பேருக்கு மருந்து வரும்.

கலக்கும் முறை

ஆர்என்ஏவை பிஹெச் 4 உள்ள சிட்ரேட் அல்லது அசிடேட் கரைசலில் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு கொழுப்புகளையும் எத்தனாலில் கரைக்கிறார்கள். நீர் மூன்று பங்கு, எத்தனால் ஒரு பங்கு என்ற வேகத்தில் இரண்டையும் ஒரு நுண்வாய்க்காலில் மோதவிடுகிறார்கள். ஆய்வகக் கருவியில் மொத்த ஓட்டம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர். எத்தனால் நீர்த்ததும் கொழுப்பு கரைந்திருக்க முடியாமல், சில மில்லிநொடிகளில் ஆர்என்ஏவைச் சுற்றித் திரள்கிறது.

கொழுப்பின் அளவை ஆர்என்ஏவின் எதிர்மின் கொண்ட பாஸ்பேட்டை எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு மைக்ரோகிராம் ஆர்என்ஏவில் சுமார் 3 நானோமோல் பாஸ்பேட். ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் முதன்மைக் கொழுப்பு ஆறு என்பது பரவலான கணக்கு. ஆக 18 நானோமோல். மேலே சொன்ன ஃபைசர் எடைகளை வைத்துப் போட்டுப் பார்த்தாலும் ஆறுக்கு ஒட்டியே வருகிறது.

பைப்பெட்டால் கையில் கலந்தாலும் துகள் வரும். ஆனால் கலப்பது மெதுவானால், திரளத் தொடங்கிய துகள்கள் சுற்றியுள்ள கொழுப்பைத் தின்று வெவ்வேறு அளவில் பெருத்துவிடும். கலந்த பிறகு எத்தனாலை உடனே நீக்காமல் மேசையில் விட்டாலும் அதே கதிதான். 25 சதவீத எத்தனாலில் துகளின் ஓடு இளகியே இருக்கும். அதனால் உடனடியாக நீர்க்கச் செய்து, குறுக்கோட்ட வடிகட்டியில் எத்தனாலை வெளியேற்றி பிஹெச்சை 7.4க்கு ஏற்றுகிறார்கள். இந்த ஏற்றத்தின்போதே சிறு துகள்கள் கூடி 80 முதல் 100 நானோமீட்டர் அளவை அடைகின்றன. கடைசியில் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே கிருமிநீக்கம். துகள் பெருத்திருந்தால் இங்கே வடிகட்டி அடைத்துக்கொண்டு, மொத்தத் தொகுதியும் வீணாகும்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் கொழுப்பு துகளுக்குப் போர்வை மாதிரி. அதைக் கூட்டினால் துகள் சிறிதாகும், திரளாது. ஆனால் அந்தப் போர்வை கனத்தால் செல் துகளை எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் 14 கார்பன் நீள வால் உள்ள வகையைப் போடுகிறார்கள். உடலுக்குள் போனதும் அது தானாகக் கழன்றுவிடும். 18 கார்பன் வால் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் போர்வைக்கு எதிராகவே சிலரது உடலில் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்ததால், பாலிசார்கோசின் போன்ற மாற்றுப் போர்வைகளும் சோதனையில் உள்ளன.

அளவைப் பெருக்கும்போது பெரிய தொட்டியில் கலக்க முடியாது. மில்லிநொடிக் கலப்பு பெரிய தொட்டியில் நடக்காது. காசளவு மிக்ஸர்கள் பலவற்றை இணையாக ஓட்டுவதுதான் ஆலைகள் கண்ட வழி. சட்டியைப் பெரிதாக்காமல் அடுப்புகளைக் கூட்டுவது மாதிரி.

அளவீடு எங்கே ஏமாற்றும்

துகளின் அளவை ஒளிச்சிதறலால் அளக்கிறார்கள். சராசரி விட்டத்தோடு, பரவலைக் காட்டும் ஓர் எண்ணும் வரும், அது 0.2க்குக் கீழ் இருந்தால் திருப்தி. இதில் ஒரு பொறி உண்டு. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்காகக் கூடுகிறது. 400 நானோமீட்டர் திரள் ஒன்று, 100 நானோமீட்டர் துகள் 4,096க்குச் சமமாக ஒளிரும். நாலைந்து திரள்களே முழு அளவீட்டையும் இழுத்துவிடும். மறுபுறம், பெரியவை இருக்கும் இடத்தில் சிறியவை கண்ணுக்கே தெரியாது. மின்னணு நுண்ணோக்கியில் பார்க்காமல் ஒளிச்சிதறல் எண்ணை மட்டும் போட்டிருக்கும் ஆய்வுக் கட்டுரையைச் சற்றுச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

எவ்வளவு ஆர்என்ஏ உள்ளே பொதிந்தது என்று அறிய, ஆர்என்ஏவோடு சேர்ந்தால் ஒளிரும் ரைபோகிரீன் சாயம் பயன்படுகிறது. சாயம் துகளுக்குள் புகாது. முதலில் அப்படியே அளந்தால் வெளியே கிடப்பது தெரியும். டிரைட்டான் என்ற சோப்புப் பொருளைப் போட்டுத் துகளை உடைத்து அளந்தால் மொத்தம் தெரியும். 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே இருக்க வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஆனால் உள்ளே இருப்பது முழு ஆர்என்ஏவா, உடைந்ததா என்று இந்தச் சாயம் சொல்லாது.

இந்தக் குருட்டுப் புள்ளி எவ்வளவு பெரியது என்பதை 2021இல் மாடர்னா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு காட்டியது. முதன்மைக் கொழுப்பு சேமிப்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, சிதைந்து, ஆல்டிஹைடு உண்டாகிறது. அது ஆர்என்ஏவின் எழுத்துகளான காரங்களோடு நிரந்தரமாகப் பிணைகிறது. ஆர்என்ஏ உடையவில்லை, நீளம் மாறவில்லை. ஆனால் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமால் அதைப் படிக்க முடியாது. வழக்கமான நீளச் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரிந்த மருந்து, செல்லுக்குள் புரதம் செய்யாமல் நின்றது இதனால்தான். மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் திரவ நிறப்பிரிகையில் தாமதமாக வந்த ஒரு முகடுதான் காட்டிக்கொடுத்தது. கொழுப்பு வாங்கும்போதே மாசு வரம்பைக் கடுமையாக வைக்க வேண்டியதாயிற்று.

குளிர்

ஃபைசர் தடுப்பூசியை முதலில் மைனஸ் 70 டிகிரியில் வைக்கச் சொன்ன நிபந்தனை எங்கிருந்து வந்தது? ஃபைசரின் எம்ஆர்என்ஏ 4,284 எழுத்து நீளம். நடுவில் எங்கே ஒரு வெட்டு விழுந்தாலும் முழுப் புரதம் வராது. நீரே அந்த வெட்டைப் போடும். குளிர் அதை மெதுவாக்கும், அவ்வளவுதான். முதல் வடிவத்தில் பாஸ்பேட் கரைசல் இருந்தது. சோடியம் பாஸ்பேட் உறையும்போது அதன் ஒரு வடிவம் முந்திக்கொண்டு படிகமாகி, எஞ்சிய திரவம் அமிலமாகிவிடும் என்பது மருந்தாக்கத் துறையில் பழைய பாடம். அமிலம் வந்தால் கொழுப்பு மின்னேற்றம் பெற்றுவிடும் என்பதை மேலே பார்த்தோம். பின்னர் பாஸ்பேட்டுக்குப் பதில் டிரிஸ் என்ற கரைசலும் சுமார் 10 சதவீதச் சர்க்கரையும் கொண்ட வடிவம் வந்தது. சாதாரணக் குளிர்பெட்டியில் பத்து வாரம் தாங்கியது.

அடுத்த கட்டம் உறைய வைத்து உலர்த்துவது. நீரே இல்லையென்றால் வெட்டு விழாது. சர்க்கரை அல்லது அதைப் போன்ற டிரெஹலோஸ் போட்டு உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை ஆவியாக்கி, பிறகு சற்று வெப்பம் ஏற்றி மீதி ஈரத்தை எடுக்க வேண்டும். சர்க்கரை குறைந்தால் பனிப்படிகம் துகள்களை நசுக்கும். வெப்பத்தை அவசரமாக ஏற்றினால் உலர்ந்த கட்டி சரிந்துவிடும், நீர் சேர்க்கும்போது துகள் பெருத்தே எழும். புனேயின் ஜென்னோவா நிறுவனத்தின் ஜெம்கோவாக்-19, 2022 ஜூனில் இந்தியாவில் அவசரகால அனுமதி பெற்றது இந்த உலர் வடிவில்தான்: 2 முதல் 8 டிகிரி போதும். தொடர்ந்து வந்த ஜெம்கோவாக்-ஓஎம், ஊசியே இல்லாத கருவியால் தோலுக்குள் செலுத்தப்படுவது. அவற்றில் உள்ளது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஆர்என்ஏ. நகலெடுக்கும் நொதியின் குறிப்பையும் தானே சுமப்பதால் குறைந்த அளவே போதும். 2023 நவம்பரில் ஜப்பான் அனுமதித்த காஸ்டைவ் தடுப்பூசியின் டோஸ் 5 மைக்ரோகிராம்தான். விலை என்னவென்றால், அந்த ஆர்என்ஏ வழக்கமானதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம். நீளம் கூடினால் வெட்டு விழும் வாய்ப்பும் கூடும்.

எதிர்த்திசையில் போனது மாடர்னா. 2025 மே மாதம் அமெரிக்க அனுமதி பெற்ற எம்நெக்ஸ்பைக், கொரோனாவின் முழு ஸ்பைக் புரதத்தையும் விட்டுவிட்டு இரண்டு பகுதிகளை மட்டும் எழுதிய குட்டையான ஆர்என்ஏ. டோஸ் 10 மைக்ரோகிராம். உலர்த்தாமலே குளிர்பெட்டியில் வைக்கலாம்.

துகளே எல்லாம் என்று நினைத்துவிடவும் கூடாது. ஜெர்மனியின் கியூர்வாக் 2021இல் இதே தலைமுறைக் கொழுப்புத் துகளோடு களத்துக்கு வந்தது. ஆனால் அதன் ஆர்என்ஏவில், உடலின் எதிர்வினையைத் தணிப்பதற்காக யூரிடின் என்ற எழுத்து மாற்றப்படவில்லை. பக்கவிளைவுக்கு அஞ்சி 12 மைக்ரோகிராமோடு நிறுத்தினார்கள். பலன் 48 சதவீதம். அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்த காரிக்கோவும் வைஸ்மேனும் 2023இல் நோபல் பெற்றார்கள்.

காட்டும் துகள்கள்

இந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஒரு நானோதுகள்தான். ஈஸ்ட் செல் செய்யும் வைரஸ் மேலுறைப் புரதம், கொழுப்போடு சேர்ந்து தானாகவே 22 நானோமீட்டர் உருண்டையாகிறது. கருப்பைவாய்ப் புற்றுக்கான ஹெச்பிவி தடுப்பூசியில் எல்1 புரதம் ஐந்தைந்தாகச் சேர்ந்து, 72 ஐந்துகள், மொத்தம் 360 பிரதிகள் கொண்ட வெற்றுக் கூண்டாகிறது. செல்லிலிருந்து எடுத்த கூண்டுகள் ஒழுங்கற்றிருந்தால், ஆலையில் அவற்றை ஒருமுறை பிரித்து மறுபடி கட்டுகிறார்கள். இரண்டாம் முறை கட்டியது உறுதியாக நிற்கும்.

இந்த இரண்டு தடுப்பூசிகளும் அலுமினிய உப்பில் ஒட்டவைக்கப்பட்டவை. எம்ஆர்என்ஏ துகளுக்கு உறைநிலை வேண்டும். இவற்றுக்கு உறைநிலையே எமன். ஒருமுறை உறைந்தால் அலுமினியம் கட்டிதட்டி, மறுபடி சீராகப் பரவாது. கிராமச் செவிலியர்கள் செய்யும் குலுக்கல் சோதனை இதைக் கண்டுபிடிக்கத்தான்: சந்தேகக் குப்பியையும், வேண்டுமென்றே உறையவைத்து இளக்கிய குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி வைத்து, எது வேகமாகப் படிகிறது என்று பார்ப்பது. ஒரு குப்பியைக் குலுக்கவே கூடாது, இன்னொன்றைக் குலுக்கித்தான் சோதிக்க வேண்டும்!

பி செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் ஏராளம். ஒரே ஆன்டிஜென், அதாவது எதிர்ப்பைத் தூண்டும் கிருமிப் புரதம், சில நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்றால் பல ஏற்பிகள் ஒரே நேரத்தில் பிணைந்து செல் விழித்துக்கொள்ளும். ஆகவே அடர்த்தியே அடுத்த கேள்வியானது. மலேரியாவின் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியில் மலேரியாப் புரதம் கோத்த ஹெபடைடிஸ்-பி புரதம் ஒன்றுக்கு, வெறும் ஹெபடைடிஸ்-பி புரதம் நான்கு கலந்திருக்கும். அதாவது மேற்பரப்பின் பெரும்பகுதி மலேரியாவுக்குச் சம்பந்தமில்லாதது. ஆக்ஸ்போர்டில் உருவான ஆர்21இல் எல்லாப் பிரதியிலும் மலேரியாப் புரதம் உண்டு. 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது; தயாரிப்பது புனேயின் சீரம் நிறுவனம். ஒரு டோஸில் 5 மைக்ரோகிராம் ஆன்டிஜென், 50 மைக்ரோகிராம் மேட்ரிக்ஸ்-எம் என்ற தூண்டுபொருள். இந்த மேட்ரிக்ஸ்-எம்மும் நானோதுகளே: சிலி நாட்டு கில்லாயா மரப்பட்டையின் சப்போனினைக் கொலஸ்ட்ராலோடும் பாஸ்போலிப்பிடோடும் பின்னிய 40 நானோமீட்டர் கூண்டு. தனிச் சப்போனின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். கூண்டில் பூட்டினால் அடங்கிவிடும்.

இயற்கை தந்த கூண்டுகளிலிருந்து கணினியில் வரைந்த கூண்டுகளுக்கு நகர்ந்தது அடுத்த பத்தாண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் கிங், டேவிட் பேக்கர் குழுக்கள் வடிவமைத்த ஐ53-50 கூண்டு, மும்மூன்று துண்டுகளான 20 மும்மைகளும் ஐந்தைந்து துண்டுகளான 12 ஐம்மைகளும் சேர்ந்து 120 துண்டுகளால் ஆனது. மும்மையில், கொரோனா நம் செல்லில் ஒட்டப் பயன்படுத்தும் ஏற்பிப் பிணைப்புப் பகுதியைக் கோத்துப் பாலூட்டிச் செல்லில் வளர்க்கிறார்கள், ஐம்மையை ஈ.கோலை பாக்டீரியாவில். இரண்டையும் குழாயில் சேர்த்தால் நிமிடங்களில் கூண்டு கட்டிக்கொண்டு, 60 பிரதிகள் வெளியே நிற்கும். 2022 ஜூனில் தென்கொரியா அனுமதித்த ஸ்கைகோவியோன் இதுதான். தேவை வற்றிய நேரத்தில் வந்ததால் பெரிதாகப் புழங்கவில்லை. மும்மை, ஐம்மை என இரண்டாகப் பிரித்துச் செய்வதன் நடைமுறை லாபம், கூண்டு கட்டும் முன்பே ஒவ்வொன்றையும் தனியாகத் தூய்மைப்படுத்தலாம் என்பது. ஈ.கோலையிலிருந்து வரும் நச்சுக்கொழுப்பு புரதத்தில் பசையாக ஒட்டும். சோப்புப் பொருள் கலந்த கரைசலால் ஐம்மையைக் கழுவியே அதை நீக்குகிறார்கள். கட்டிமுடித்த கூண்டை அப்படிக் கழுவுவது பெரும்பாடு. துண்டுகளின் விகிதம் பிசகினாலும், கோத்த ஆன்டிஜென் நிலையற்றதாக இருந்தாலும், கூண்டுக்குப் பதில் வெண்மையான திரிதல்தான் மிஞ்சும்.

இப்போது ஆவலைத் தூண்டுவது கலப்புத் துகள். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பமேலா பியோர்க்மன் குழு, 60 இடங்கள் உள்ள எம்ஐ3 கூண்டில் எட்டு வெவ்வேறு கொரோனா வகைகளின் பிணைப்புப் பகுதிகளைத் தாறுமாறாக ஒட்டியது. ஒட்டும் பசை, ஆக்ஸ்போர்டில் உருவான ஸ்பைகேச்சர் புரத இணைப்பு. அடுத்தடுத்த இடங்களில் வெவ்வேறு முகங்கள் இருப்பதால், ஒரு வகையை மட்டும் அறியும் பி செல்லால் தன் ஏற்பியின் இரண்டு கைகளையும் ஊன்ற முடியாது. எல்லா வகைக்கும் பொதுவான பகுதியை அறியும் செல்லால் முடியும். விலங்குகளில் தடுப்பூசியில் சேர்க்காத வகைக்கு எதிராகவும் இது காப்பளித்தது. யோசனை அழகு; ஆலைக்கு அது தலைவலி. எட்டுப் புரதங்களைத் தனித்தனியே தயாரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எட்டும் சம அளவில் ஏறியதா என்று நிரூபிக்க வேண்டும்.

கூண்டுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாவது எல்லோருக்கும் பொதுவான தொல்லை. அதே கூண்டில் வேறு நோய்க்கான தடுப்பூசி போட்டால் முதலிலேயே பிடித்து விழுங்கப்படுமோ என்ற கவலை உண்டு. கூண்டின் வெற்றிடங்களில் சர்க்கரைச் சங்கிலிகளை நட்டு மறைப்பது ஒரு வழி.

இரண்டு குடும்பமும் சேரும் இடம்

எச்ஐவி ஆய்வில் வில்லியம் ஷீஃப் குழு வடிவமைத்த இஓடி-ஜிடி8 என்ற ஆன்டிஜென், பாக்டீரியாவின் லூமசீன் சிந்தேஸ் என்ற புரதக் கூண்டில் 60 பிரதிகளாக நிற்பது. அரிதான ஒரு வகை பி செல்லை மட்டும் எழுப்புவது அதன் நோக்கம். 2022இல் வெளியான முதல்கட்ட முடிவில், தடுப்பூசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் அந்தச் செல்கள் எழுந்தன. அடுத்து அதே கூண்டின் குறிப்பை எம்ஆர்என்ஏவாக எழுதிக் கொழுப்புத் துகளில் அனுப்பினார்கள். நம் தசைச் செல்லே 60 துண்டுகளையும் செய்து கூண்டு கட்ட வேண்டும். பி செல்கள் நன்றாகவே எழுந்தன. ஆனால் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வழக்கத்தைவிட அதிகமாக வந்து, சிலருக்கு நீடித்தன.

பண நிலவரமும் மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 22 எம்ஆர்என்ஏ திட்டங்களுக்கான, கிட்டத்தட்ட 50 கோடி டாலர் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆயினும் கூண்டை எம்ஆர்என்ஏவாக அனுப்பும் இந்த வழியைக் கைவிட ஆய்வாளர்களுக்கு மனமில்லை. ஈ.கோலை வேண்டாம், நச்சுக்கொழுப்புக் கழுவல் வேண்டாம், எட்டுப் புரதங்களுக்கு எட்டு ஆலை வேண்டாம். எழுத்தை மாற்றினால் கூண்டும் மாறும். இழப்பது ஒன்றே. கூண்டு கட்டப்படுவது ஊசி போட்டவரின் கைக்குள் என்பதால், அது முழுசாகக் கட்டியதா, பாதியில் நின்றதா, திரிந்ததா என்று ஒளிச்சிதறலில் அளக்கவோ மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கவோ வழியில்லை.